பிட் புலங்களும் அவற்றின் இருப்பிடக் குறிப்பும்

கணினியின் நினைவகத்தை, வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு நெடுந்தெருவுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவ்வீடே பைட் எனப்படுவது. வீட்டினுள் எட்டு அறைகள்; ஓர் அறையில் ஒரே ஒரு பிட், அதாவது பூச்சியம் அல்லது ஒன்று. கடிதம் கொண்டுவரும் தபாற்காரர் இலக்கத்தைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அறைகளுக்கு இலக்கம் இடப்படவில்லை. வாசல்வரை செல்லலாம், உரியவர் எத்தனையாவது அறையில் இருக்கிறார் என்பதை வேறு எவராவது சொல்லித்தான் அறிதல் வேண்டும். அவ்வாறு சொல்பவர் அறைகளை வாசற்பக்கமிருந்து எண்ணினாரா, கொல்லைப்பக்கமிருந்து எண்ணினாரா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சிறிய ஐயமே கணினித்துறையில் பல ஆண்டுகளாக ஒரு தொல்லையாக இருந்து வந்தது.

சி என்னும் நிரல்மொழியில் எழுதுவோர் எல்லாப் பெறுமானங்களுக்கும் முழு வீட்டை ஒதுக்குவதில்லை. ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைக் குறித்துவைக்க ஓர் அறை போதும். மாதம் பன்னிரண்டில் ஒன்றைக் குறிக்க நான்கு அறைகள் போதும். இவ்வாறு பிட்டுகளை எண்ணி ஒதுக்கப்படும் சிற்றிடமே பிட் புலம் எனப்படும். நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் சிக்கனங் கருதி எழுந்த இவ்வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. சாதனங்களின் பதிவகங்களும், வலையமைப்புகளில் செல்லும் செய்திப் பொதிகளின் தலைப்புகளும் பிட் கணக்கிலேயே வகுக்கப்பட்டிருப்பதால், சிக்கனம் தேவைப்படாத இடத்திலும் பிட் புலங்கள் தேவைப்படுகின்றன.

இதற்கு நல்ல உதாரணம், எம்.எஸ்.டொஸ் காலத்திலிருந்து இன்றுவரை ஃபாட் என்னும் கோப்பு முறைமையில் வழங்கிவரும் திகதிக் குறிப்பு. ஒரு கோப்பு எழுதப்பட்ட நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றும் 16 பிட்டுகளுக்குள் அடங்குகின்றன. நாளுக்கு 5 பிட். மாதத்துக்கு 4 பிட். ஆண்டுக்கு 7 பிட். ஆண்டு 1980இலிருந்து எண்ணப்படுவதால், இக்குறிப்பு 2107ஆம் ஆண்டுவரை தாங்கும். இரண்டே வீடுகளுக்குள் மூன்று குடித்தனங்கள்! அவற்றுள் மாதம் என்னும் குடித்தனம் இரண்டு வீடுகளிலும் கால்வைத்து நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி, எழுதிய செய்நிரல் பிழையாக இயங்குகிறது எனக் கொள்க. அதனை நடுவழியில் நிறுத்தி, உள்ளே இருக்கும் பெறுமானங்களைப் பார்வையிட உதவும் கருவிக்கு வழுநீக்கி என்று பெயர். ஆயின் வழுநீக்கிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மனிதர் எழுதிய செய்நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பான், அம்மாற்றத்தின்போது நாள், மாதம், ஆண்டு என்னும் பெயர்களையெல்லாம் உதறிவிடுகிறது. எஞ்சி நிற்பவை வெறும் இலக்கங்களும் கட்டளைகளுமே. ஆதலால் தொகுப்பான் கட்டளைகளோடு ஒரு குறிப்பேட்டையும் சேர்த்து எழுதிவைக்கிறது. இன்ன பெயருடைய மாறி இன்ன இடத்தில், இன்ன வகையினதாய் உள்ளது என்பதே அக்குறிப்பேட்டின் உள்ளடக்கம். இதனையே வழுநீக்கல் தகவல் என்பர்.

சாதாரண மாறிகளைப் பொறுத்தவரை குறிப்பு எழுதுவது எளிது. வீட்டிலக்கத்தைச் சொன்னால் தீர்ந்தது. பிட் புலத்துக்கோ முகவரியே இல்லை. சி மொழியில் ஒரு மாறியின் முகவரியைக் கேட்டுப் பெறலாம். பிட் புலத்தின் முகவரியைக் கேட்பதை அம்மொழி தடைசெய்திருக்கிறது. தொகுப்பான் உண்டாக்கும் கட்டளைகள் அறைகளை நகர்த்தியும் மறைத்தும் வேண்டிய பெறுமானத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் குறிப்பேடு வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் அதனைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஆகவே குறிப்பேடு பிழைபட்டாலும் செய்நிரல் செவ்வனே ஓடும். பிழைபட்டுப் போவது அதனைப் பார்ப்பவரின் மூக்குக்கண்ணாடிதான். இதனாலேயே இத்தகைய தவறுகள் நெடுநாள் கண்ணில் படாமல் இருந்துவிடுகின்றன.

வழுநீக்கி மூல உரையைப் படித்துத் தானே கணக்கிட்டுக்கொள்ளலாகாதா என்ற வினா எழலாம். ஆகாது. பிட் புலங்களை எந்தப் பக்கத்திலிருந்து நிரப்பத் தொடங்குவது, ஓர் அலகில் இடம் போதாதபோது எஞ்சியதை அடுத்த அலகுக்கு வழியவிடுவதா, புதிய அலகிலேயே தொடங்குவதா என்பவற்றையெல்லாம் சி மொழியின் நியமம் தொகுப்பானின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஒரு கட்டமைப்பில், எட்டுப் பிட் வகையைச் சார்ந்த 3 பிட் புலம் ஒன்றும், அதனை அடுத்து 32 பிட் வகையைச் சார்ந்த 5 பிட் புலம் ஒன்றும் இருப்பதாகக் கொள்க. இன்டெல் வகைக் கணினியில் ஜி.சி.சி. என்னும் தொகுப்பான், லினக்ஸ் முறைமைக்காக இயங்கும்போது, இவ்விரண்டையும் ஒன்றாக ஒடுக்கி முழுக் கட்டமைப்பையும் 4 பைட்டில் அமைக்கும். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் தொகுப்பானோ, வகையின் அளவு மாறியதும் புதிய அலகைத் தொடங்கி 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். உரை ஒன்று, கணினி ஒன்று, அமைப்பு இரண்டு. ஆகவே எந்த அறையில் எதை வைத்தது என்பதைத் தொகுப்பானே வாய்திறந்து சொல்லியாக வேண்டும்.

அதனைச் சொல்வதற்கென வகுக்கப்பட்ட முறைகளுள் இன்று யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் பெரிதும் வழங்குவது டுவார்ஃப் எனப்படும் அமைப்பு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் குள்ளன் என்பது பொருள். இயங்கு கோப்புகளின் அமைப்புக்கு எல்ஃப், அதாவது குட்டித் தேவதை, என்று பெயர் அமைந்திருந்ததால், அதற்குத் துணையாக வந்த குறிப்பேட்டுக்கு இப்பெயர் விளையாட்டாகச் சூட்டப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் பிரையன் ரசல் என்பவர் இதனை உருவாக்கினார். யூனிக்ஸ் இன்டர்நாஷனல் என்னும் அமைப்பு இதன் முதலாம் பதிப்பை 1992இலும், அதனினும் செறிவான இரண்டாம் பதிப்பை 1993இலும் வெளியிட்டது.

இரண்டாம் பதிப்பு பிட் புலத்தின் இருப்பிடத்தைக் கூறும் முறை சற்றுச் சுற்றுவழியானது. முதலில், புலத்தைத் தன்னுள் கொண்டிருக்கும் சேமிப்பு அலகு ஒன்றைக் கற்பித்துக்கொள்ள வேண்டும். அவ்வலகு கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது, அவ்வலகின் அளவு எத்தனை பைட், புலத்தின் அளவு எத்தனை பிட் என்னும் மூன்றையும் தர வேண்டும். நான்காவதாக வருவது பிட் ஆஃப்செட் என்னும் பண்பு. அலகின் உயர் பெறுமான முனையிலிருந்து புலத்தின் உயர் பெறுமான முனைவரை உள்ள பிட்டுகளின் எண்ணிக்கையே அது.

உயர் பெறுமான முனை என்பது யாதெனில், பத்தாம் தானம், நூறாம் தானம் என்று எண்களை எழுதுகையில் மிகப் பெரிய தானம் நிற்கும் இடப்பக்கம் போன்றது. அங்கிருந்து எண்ணுவது இயல்புதானே என்று தோன்றும். கணினிகளுள் ஒரு சாராருக்கு அது இயல்பே. அவை எண்ணின் பெரும் பகுதியை முதல் வீட்டில் வைப்பன. பெருமுனை முறையின என்று அவற்றைக் கூறுவர். மற்றொரு சாரார் சிறு பகுதியை முதல் வீட்டில் வைப்பர்; இது சிறுமுனை முறை. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று போரிட்ட மக்களைப் பற்றி ஜொனதன் ஸ்விஃப்ட் 1726இல் தமது கலிவரின் யாத்திரை நூலில் எழுதினார். அவருடைய கதையிலிருந்தே டனி கோஹன் என்பவர் 1980இல் இப்பெயர்களை எடுத்துக் கணினித்துறைக்கு வழங்கினார். குள்ளனும் குட்டித் தேவதையும் உலவும் துறைக்குள் லிலிபுட் நாட்டாரும் வந்து சேர்ந்தது பொருத்தமே.

இன்டெல் வகைக் கணினிகள் சிறுமுனைச் சாரார். அவற்றில் தொகுப்பான்கள் பிட் புலங்களைத் தாழ் பெறுமான முனையிலிருந்தே நிரப்பத் தொடங்கும். எனவே மேற்கூறிய திகதிக் குறிப்பில் முதலில் எழுதப்பட்ட நாள், தாழ் முனையிலுள்ள 5 அறைகளில் குடியேறும். மாதம் அதற்கு மேல் 4 அறைகளிலும், ஆண்டு எஞ்சிய 7 அறைகளிலும் அமரும். ஆனால் குறிப்பேடு எதிர்முனையிலிருந்து எண்ணுகிறது. 16 பிட் அலகில் நாளின் பிட் ஆஃப்செட், 16இலிருந்து 5ஐக் கழிக்க 11. மாதத்துக்கு 7. ஆண்டுக்குப் பூச்சியம். முதலாவது உறுப்புக்கு மிகப் பெரிய எண். கடைசி உறுப்புக்குப் பூச்சியம். பெருமுனைக் கணினியில் இதே உரைக்கு 0, 5, 9 என எண்கள் நேராக ஏறுவரிசையில் வரும்.

தொல்லை இதனோடு முடியவில்லை. அதே மூன்று புலங்களையும் 16 பிட் வகையின என்று கூறாமல் 32 பிட் வகையின என்று ஒருவர் எழுதிவிட்டால், அவை அமரும் அறைகள் அணுவளவும் மாறுவதில்லை. ஆயினும் கற்பித்துக்கொண்ட அலகு பெரிதாகிவிட்டதால் எண்கள் 27, 23, 16 என மாறிவிடுகின்றன. பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, முகவரி மட்டும் மாறிய விந்தை இது. வாசலில் நிற்பவனுக்கு, வாசலைக் காட்டாமல், கொல்லை மதிலிலிருந்து அடி அளந்து வழிகாட்டுவது போன்றது. மதிலைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் அளவும் மாறத்தானே செய்யும்!

இவ்வெண்களைப் பிறழப் படித்தால் நேர்வது என்ன என்பதை இணைய நெறிமுறையின் தலைப்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 1981 செப்டம்பரில் வெளிவந்த வரையறையின்படி, இணையத்தில் செல்லும் ஒவ்வொரு பொதியின் முதல் பைட்டிலும் இரண்டு நாலறைப் புலங்கள் உள்ளன. உயர் பாதியில் நெறிமுறையின் பதிப்பு. தாழ் பாதியில் தலைப்பின் நீளம். பதிப்பு 4. நீளமோ நான்கு பைட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் எழுதப்படுவது. பெரும்பாலான பொதிகளில் அது 5, அதாவது 20 பைட். ஆகவே முதல் பைட்டின் பெறுமானம் வழக்கமாக 69 ஆக இருக்கும். நான்கு பதினாறுகளும் ஐந்தும் சேர்ந்தால் 69 அன்றோ?

லினக்ஸ் முறைமையின் மூல உரையில் இத்தலைப்பு இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. சிறுமுனைக் கணினிகளுக்கு நீளம் முதலிலும் பதிப்பு அடுத்தும். பெருமுனைக் கணினிகளுக்குப் பதிப்பு முதலிலும் நீளம் அடுத்தும். செய்நிரலாளர் தம் கடமையைச் செய்துவிட்டார். இனிக் குறிப்பேட்டின் முறை. சிறுமுனைக் கணினியில் நீளத்தின் பிட் ஆஃப்செட் 4. பதிப்பின் பிட் ஆஃப்செட் 0. வழுநீக்கியை எழுதியவர் இவ்வெண்கள் தாழ் முனையிலிருந்து எண்ணப்பட்டவை என்று கருதிவிட்டாராயின், நீளத்தை உயர் பாதியிலும் பதிப்பைத் தாழ் பாதியிலும் தேடுவார். திரையில் தோன்றுவது: பதிப்பு 5, நீளம் 4.

இது கண்டவுடன் பொய் என்று தோன்றும் விடையாய் இருந்தாலாவது நன்று. ஆனால் பதிப்பு 5 என்னும் எண் ஸ்ட்ரீம் நெறிமுறை என்ற வேறொரு பரிசோதனை நெறிமுறைக்கு உண்மையாகவே ஒதுக்கப்பட்டிருந்தது. நீளம் 4 என்பதோ விதிக்கு மாறானது. 5க்குக் குறைந்த நீளம் இருத்தல் கூடாது. எனவே பொறியியலாளர் சேதமடைந்த பொதி ஒன்று வந்திருப்பதாகவே எண்ணுவார். வலையமைப்பு அட்டையை ஐயுறுவார், கம்பியை ஐயுறுவார், அனுப்பிய கணினியையும் ஐயுறுவார். தம் கையிலிருக்கும் வழுநீக்கியை மட்டும் ஐயுறமாட்டார். நோயாளியின் உடல் நலமாயிருக்க, வெப்பமானி பிழையாகக் காட்டியதால் மருந்து கொடுப்பது போன்ற நிலை இது.

வேறு ஒரு சிக்கலும் உண்டு. புலங்களை இடைவெளியின்றி நெருக்கிக் கட்டுமாறு தொகுப்பானைப் பணிக்கலாம். அப்போது 31 பிட் புலம் ஒன்றும் அதனை அடுத்து 5 பிட் புலம் ஒன்றும் இருப்பின், இரண்டாவது புலம் முதல் 32 பிட் அலகின் கடைசி அறையில் தொடங்கி, அடுத்த அலகுக்குள் 4 அறைகள் வழிந்து நிற்கும். முதல் அலகையே ஆதாரமாகக் கொண்டு பழைய சூத்திரத்தின்படி கணக்கிட்டால், 32இலிருந்து 31ஐயும் 5ஐயும் கழிக்க வேண்டும். விடை மறை நான்கு! கொல்லை மதிலுக்கும் அப்பால் நான்கு அடி என்று பொருள். இவ்வெண்ணை ஒரு பைட்டில் எழுதி வைக்கும்போது குறியுடன் படிப்பதா, குறியின்றிப் படிப்பதா என்பதைக் குறிப்பேட்டின் எண் வடிவம் தெளிவாகச் சொல்லவில்லை. குறியின்றிப் படித்த வழுநீக்கிக்கு அது 252 ஆகத் தோன்றும். 32 அறைகள் கொண்ட வீட்டில் 252ஆம் அறையை எங்கே சென்று தேடுவது?

புலம் குறியுடைய எண்ணா, குறியற்ற எண்ணா என்பதும் குறிப்பேட்டில் சரியாக இருத்தல் வேண்டும். சி மொழியில் வெறுமனே முழுவெண் என்று கூறப்பட்ட பிட் புலம் குறியுடையதா என்பதும் தொகுப்பானின் விருப்பமே. ஓர் அறை மட்டும் உள்ள குறியுடைய புலத்தில் இடக்கூடிய பெறுமானங்கள் பூச்சியமும் மறை ஒன்றுமாம். ஒன்று என்பது அதில் இல்லை. ஆம் என்று எழுதியவர் வழுநீக்கியில் மறை ஒன்றைக் கண்டு திகைப்பது இதனாலேயே. இங்கே வழுநீக்கி பொய் சொல்லவில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

விந்தை யாதெனில், நேரிய வழி முன்னரே இருந்தது. டுவார்ஃபுக்கு முன்பு யூனிக்ஸ் முறைமைகளில் வழங்கிய ஸ்டாப்ஸ் என்னும் பழைய குறிப்பு முறை, கட்டமைப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டே எண்களைத் தந்தது. தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பிட். நீளம் எத்தனை பிட். அவ்வளவே. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் கோட்வியூ முறை வேறொரு வழியில் சென்றது. அது பிட் புலத்தை ஒரு தனி வகையாகவே கொண்டு, மூல வகை, நீளம், தொடங்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒரு பதிவாக எழுதிவைத்தது. நுட்பத்தில் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட பழைய முறைகளிலும் இவ்வாறு ஒரு தெளிவு இருப்பதுண்டு.

டுவார்ஃபின் நான்காம் பதிப்பு 2010 ஜூனில் வெளிவந்தபோது இக்குறை நீக்கப்பட்டது. டேட்டா பிட் ஆஃப்செட் என்னும் புதிய பண்பு அப்பதிப்பில் சேர்க்கப்பட்டது. கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து புலத்தின் தொடக்கம்வரை எத்தனை பிட் என்பதே அதன் பொருள். இடையில் அலகு எதனையும் கற்பித்துக்கொள்ள வேண்டியதில்லை. தொடக்கம் என்பது அந்தந்தக் கணினியின் இயல்பான வரிசைப்படி கொள்ளப்படும். பெருமுனையில் உயர் பக்கம், சிறுமுனையில் தாழ் பக்கம். மேற்கூறிய திகதிக்கு இப்போது எண்கள் 0, 5, 9. கணினி எதுவாயினும், வகை 16 பிட்டாயினும் 32 பிட்டாயினும் அவை மாறுவதில்லை. நெருக்கிக் கட்டிய 5 பிட் புலத்தின் எண் 31. மறைக் குறிக்கு அங்கே வேலை இல்லை. கணினியின் வரிசை எது என்பதை வழுநீக்கி அறிந்திருக்க வேண்டிய தேவை இன்னும் இருக்கவே செய்கிறது. ஆனால் எழுதுபவரும் படிப்பவரும் இருவேறு முனைகளிலிருந்து எண்ணும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

புதிய பண்பு வந்தமையால் பழையது உடனே ஒழிந்துபோகவில்லை. நான்காம் பதிப்பு அதனைக் கைவிடத்தக்கது என்று மட்டுமே குறித்தது. பழைய வழுநீக்கிகளுக்குப் புதிய பண்பு விளங்காது என்று அஞ்சித் தொகுப்பான்கள் பழையதையே தொடர்ந்து எழுதிவந்தன. 2017 பெப்ரவரியில் வந்த ஐந்தாம் பதிப்புத்தான் அதனை முற்றாக நீக்கியது. ஜி.சி.சி. தொகுப்பான் அப்பதிப்பைத் தன் வழக்கமான வடிவமாக ஏற்றுக்கொண்டது 2021இல். ஒரு சிறு திருத்தம் வரையறையிலிருந்து அன்றாட வேலைமேசைவரை வந்துசேரப் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் எடுத்தது இதனாலேயே.

இதற்கிடையில் பழைய முறையில் தொகுக்கப்பட்ட செய்நிரல்களும் நூலகங்களும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் குறிப்பேடுகளை மாற்றி எழுதுவார் இல்லை. ஆகவே வழுநீக்கிகள் இரண்டு முறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். டுவார்ஃப் குறிப்பேட்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் இலக்கம் உண்டு. புதிய பண்பின் இலக்கம் 107. நீக்கப்பட்ட பழைய பண்பின் இலக்கம் 12. ஐந்தாம் பதிப்பின் அட்டவணையில் 12க்கு எதிரே எப்பெயரும் எழுதப்படவில்லை. பழைய கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால் அவ்விலக்கம் வேறெதற்கும் வழங்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.